பிரசவ நேரத்தில் சிக்குன்குனியா வந்த அம்மாக்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் வியாசர்பாடி. என் தங்கை நிறைமாதம், இந்த வாரமே பிரசவத் தேதி. மூன்று நாளாகக் காய்ச்சல், மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரவே முடியவில்லை. பரிசோதனையில் சிக்குன்குனியா என்று வந்துவிட்டது.

பிரசவ சமயத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் குழந்தைக்கும் போகலாம். 2005-06இல் ரீயூனியன் தீவில் அப்படிப் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. சிசேரியன் செய்தாலும் தடுக்க முடியவில்லை. பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்குமாம். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள்தான் காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து போவது, கை கால் வீக்கம், தடிப்பு எல்லாம். சில குழந்தைகளுக்கு மூளைவரை பாதிக்கும்.

நாங்கள் பார்க்கும் மருத்துவமனையிலோ இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். எனக்கு பயமே அதுதான்.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இப்படிக் குழந்தை பெற்ற அக்காமார்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குழந்தையை எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள்? ரத்தம் எந்த நாளில் எடுத்தார்கள்? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவிலும் குழந்தை மருத்துவர் இருக்கும் இடம் பக்கத்தில் எது? குழந்தை வளர வளர, கழுத்து நிற்பது, தவழ்வதெல்லாம் சரியாக இருந்ததா?

தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது தெரியும், அம்மாவைத்தான் இன்னும் சம்மதிக்க வைக்க வேண்டும். லாரித் தண்ணீர் டிரம்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டோம், தங்கையைப் பகலிலும் கொசுவலைக்குள்தான் படுக்க வைக்கிறோம். இரவு எந்நேரமானாலும் பதில் போடுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.