வரிசையில் போய் நில்லுங்கள்

டெக்சாஸுக்குக் குடிவந்து நான்கு மாதமான தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "அலுவலகத்தில் மறுபடியும் குடும்ப விருந்து வருகிறது. போன தடவை பாட்டுப் போட்டதும் எல்லோரும் வரிசை கட்டி ஒரே மாதிரி ஆடினார்கள். நானும் வீட்டுக்காரரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். இந்தத் தடவை ஆட ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?"

தங்கைக்கும், இந்த ஆண்டு விமானம் ஏறிய மற்றவர்களுக்கும் எழுதுகிறேன். நான் இப்போது விடுமுறையில் மதுரை புதூரில், அம்மா வீட்டில் இருக்கிறேன். சித்தி மகள் அடுத்த மாதம் ஹூஸ்டன் கிளம்புகிறாள். ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் அவளுக்கு இந்த வரிசை ஆட்டத்தைத்தான் ('லைன் டான்ஸ்') சொல்லிக்கொடுக்கிறேன். வீடு பிடிப்பது, கார் ஓட்ட உரிமம் வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் வழிசொல்ல ஆள் உண்டு. அயலூரில் நாலு பேரோடு சேர்வதற்கு இந்த ஆட்டம் எவ்வளவு உதவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜோடி வேண்டாம். பேச்சு வேண்டாம். நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமா என்ற கலக்கமும் வேண்டாம்.

'கியூபிட் ஷஃபிள்' என்ற ஆட்டத்தில் தொடங்குங்கள். 2007இல் லூசியானாப் பாடகர் ஒருவர் வெளியிட்ட பாட்டு. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். வலப்பக்கம் அடி வைக்க எட்டு எண்ணிக்கை (தாளத் தட்டு ஒன்றுக்கு ஓர் எண்), இடப்பக்கம் எட்டு, நின்ற இடத்தில் கால் மாற்றிக் கால் முன்னால் உதைக்க எட்டு, நடந்தபடி கால்வாசி வட்டம் திரும்ப எட்டு. ஆக 32. திரும்பிய திசையைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து. சிகாகோவில் பிறந்த 'சா சா ஸ்லைட்'டும் இப்படி வாய்விட்டுச் சொல்லும் பாட்டுதான். இரண்டும் வந்துவிட்டால் எந்தக் கல்யாண வரவேற்பிலும் பயப்படாமல் இறங்கலாம்.

'எலக்ட்ரிக் ஸ்லைட்' அப்படியல்ல. 1976இல் ரிக் சில்வர் என்பவர் அமைத்தது. இன்று விருந்துகளில் பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 18 எண்ணிக்கை. பாட்டு எட்டு எட்டாகப் போகும். ஆட்டம் பதினெட்டில் முடியும். ஆகவே ஒவ்வொரு சுற்றும் பாட்டின் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். பாட்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஆடினால் இரண்டாம் சுற்றிலேயே தவறிப்போவீர்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான். அங்கே ஒவ்வொரு திசையையும் 'சுவர்' என்பார்கள். நான்கு பக்கமும் திரும்பினால் நான்கு சுவர் ஆட்டம். எங்கள் மாடியில் அதற்கு அருமையான அடையாளங்கள் கிடைத்தன. தெற்கே கட்டடங்களுக்கு நடுவில் மீனாட்சி கோயில் கோபுரத்தின் உச்சி. இடப்பக்கம் திரும்பினால் கிழக்கே யானைமலை. அடுத்தது வடக்கே அழகர்மலை. பிறகு மேற்கே நாகமலை. இருட்டில் மலை தெரியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியும். சித்தி மகள் "கோபுரம், யானை, அழகர், நாகம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாளில் பிடித்துவிட்டாள். அங்கே கூடத்தில் மேடை, வாசல், ஜன்னல், சாப்பாட்டு மேசை என்று நான்கை ஆட்டத்துக்கு முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூச்சத்தில் கடைசி வரிசையின் ஓரத்தில் போய் நிற்காதீர்கள். எல்லோரும் இரண்டு தடவை திரும்பியதும் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். முன்னால் பார்த்து ஆட ஆளிருக்காது. கூட்டத்தின் நட்டநடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணெதிரே ஒரு ஜோடிக் கால் இருக்கும்.

இனி, நமக்கென்று ஒரு பாணி. இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் பெரியப்பா மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். இளவயதில் ஊர்த் திருவிழாக்களில் ஒயிலாட்டம் ஆடியவர். காலில் சலங்கையும் கையில் துணியுமாக வரிசையில் நின்று, வாத்தியார் விசில் ஊதியதும் மொத்த வரிசையும் அடவு மாறும் ஆட்டம் அது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கால் சரியாக வருகிறது. கை ஏன் செத்துக் கிடக்கிறது?" என்று கேட்டார்.

எழுந்து வந்து தன் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்தார். ஒரு முனையை அவள் நடுவிரலில் சுற்றி, மோதிர விரலுக்கு அடியில் செருகி, மீதியைத் தொங்கவிட்டார். நாலாவது எண்ணிக்கையில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கச் சொன்னார். முதல் தடவை துணி காற்றில் அலைந்து அவள் முழங்கையில் விழுந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து மறுபடி செய்யச் சொன்னார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு துணி 'சட்'டென்று நேராக இறங்கியது, கால் தரையைத் தொட்ட அதே கணத்தில். "துணி பிந்தினால் கால் பிந்துகிறது என்று அர்த்தம்" என்றார்.

ஹூஸ்டனில் நான் கைக்குட்டை கொண்டுபோனதில்லை. ஆனால் அந்தச் சொடுக்கு என் கையில் எப்போதோ ஏறியிருக்கிறது. இவ்வளவு நாள் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததேயில்லை. 'கியூபிட் ஷஃபிளி'ல் கால் உதைக்கும் அந்த எட்டு எண்ணிக்கையில் கைகளுக்கு வேலை கிடையாது. அங்கே நான் கும்மித் தட்டு வைப்பேன். சின்ன வயதில் முளைப்பாரியைச் சுற்றித் தட்டிய அதே தட்டு. இரண்டாம் ஆண்டு விருந்தில் பக்கத்தில் ஆடிய சக ஊழியர் அதைப் பார்த்துத் தானும் தட்ட, அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தட்ட, அந்த வரிசை முழுவதும் தட்டியது. பாட்டு முடிந்ததும் அந்தச் சக ஊழியர் எங்கே கற்றது என்று கேட்டார். மதுரையைப் பற்றி அன்றைக்குத்தான் அந்த அலுவலகத்தில் முதன்முதலாகப் பேசினேன்.

ஆகவே பாணியைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். ஆனால் கால் வரிசைக்குச் சொந்தம். அடியைப் பெரிதாக எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் காலை மிதிப்பீர்கள். இடுப்புக்கு மேலே உங்கள் விருப்பம். நான்கு திசையையும் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சுற்றிவரும் பழக்கம் வந்த பிறகே கையைச் சேருங்கள். அதற்கு முன்னால் சேர்த்தால் இரண்டும் கெடும்.

டெக்சாஸில் 'கன்ட்ரி' என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசை நடக்கும் ஆடுகூடங்களுக்குப் போனால், ஜோடியாக ஆடுகிறவர்கள் தளத்தின் வெளி ஓரமாக இடஞ்சுழியாகச் சுற்றி வருவார்கள். வரிசை ஆட்டம் நடுவில். அவர்கள் வழியை மறிக்காதீர்கள். குளிர்பானக் கோப்பையோடு தளத்தில் இறங்காதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி தரையைக் கவ்விப் பிடிக்கும். திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தோல் அடிப்பாகம் நல்லது.

சேலையில் ஆடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தாராளமாக ஆடலாம். 'எலக்ட்ரிக் ஸ்லைட்'டில் ஒரு கால் மற்றதன் பின்னால் குறுக்கே போகும் அடியில்தான் கரை மிதிபடும். கணுக்கால் தெரியக் கொஞ்சம் ஏற்றிக் கட்டி, கொசுவத்தில் ஓர் ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி நாங்கள் அந்தக் குறுக்கடியைத்தான் தொடங்குகிறோம். பெரியப்பா ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். உங்களுக்கு எந்த எண்ணிக்கையில் சிக்குகிறது என்று எழுதுங்கள். அவரிடமும் கேட்டுச் சொல்கிறேன்.