அடைக்கோழிக்குப் பேன்: பாகூர் சொந்தங்கள் குழு

அத்தை (பாகூர்): அண்ணே, அடையில உக்காந்திருக்கிற கருங்கோழி முட்டையை விட்டுட்டு எழுந்து எழுந்து வந்துடுது. தூக்கிப் பார்த்தா கைமேல பொடிசா ஊருது. இப்படியே போனா முட்டையெல்லாம் கூமுட்டை ஆயிடும்.

சித்தி (வில்லியனூர்): கோழிச்செல்லா இருக்கும் அண்ணி, அந்தப் பொடிப் பூச்சிதான். எங்க தெருவுல மண்ணெண்ணெய் தடவுவாங்க.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): மண்ணெண்ணெய் வேணவே வேணாம்மா. தோலு வெந்துடும். அடைக்கோழிமேல தடவினா முட்டை ஓட்டுலயும் பட்டு உள்ள இருக்கிற குஞ்சு செத்துடும். பயிருக்கு அடிக்கிற மருந்தையும் யாரும் தொடாதீங்க. தங்கச்சி, பின்பக்கம் எச்சம் போடுற இடத்துல இறகைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்லு.

அத்தை (பாகூர்): 📷 படம்
இறகு அடியில வெள்ளையா கொத்துக் கொத்தா ஒட்டியிருக்குது. ஊருறது வைக்கோல் நிறம். வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியுது.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): அப்போ பேன்தான். வெள்ளையா இருக்கிறது ஈரு. செவப்புச் செல்லு வேற ஜாதி. ராத்திரி கோழியைக் கடிச்சு ரத்தம் குடிச்சுட்டு, பகல்ல கூண்டு இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும். அதுக்குக் கூண்டைத்தான் கவனிக்கணும். பேன் பொறக்கிறது, வளர்றது, சாகுறது எல்லாம் கோழிமேலதான். கீழ விழுந்தா ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால கோழிக்குத்தான் வைத்தியம்.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): கோழிப்பேன் இறகையும் தோல் செதிலையும் கடிச்சுத் தின்னும். அந்த அரிப்புல அது எப்படி நிம்மதியா அடை காக்கும்? மத்த கோழிங்க மண்ணுல புரண்டு, அலகால கோதி, பேனைக் கொறைச்சுக்கும். இது நாள் முழுக்க உக்காந்தே கெடக்குறதால நல்லா பெருகிடுது. குஞ்சு பொரிச்சா மொத நாளே அதுங்க தலையில ஏறிடும். சின்னக் குஞ்சு தாங்காதும்மா, செத்தே போயிடும். அதனால பொரிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுடு.

அத்தை (பாகூர்): என்ன பண்ணட்டும் சொல்லுண்ணே. போன வருசம் இதே கோழிதான் அத்தனை குஞ்சையும் காப்பாத்திக் குடுத்துது. இதை விட்டுட முடியாது.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): அடையில இருக்கிறதால தண்ணியில முக்காத, மார்கழிக் குளிரு வேற. தீனிக்கு எறங்கும்போது புடிச்சு, வசம்புப் பொடியும் காஞ்ச வேப்பிலைப் பொடியும் கலந்து றெக்கை அடியிலயும் பின்பக்கமும் நல்லா உள்ள போற மாதிரி தூவு. கண்ணுல படக்கூடாது. அடைக்கூடையில இருக்கிற வைக்கோலை எடுத்துக் கொளுத்திட்டுப் புதுசு போடு. பக்கத்துல ஒரு அன்னக்கூடையில மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வை, அதுவே எறங்கிப் புரளும். மத்த கோழிங்களுக்கும் அதே நாள்ல தூவிடணும். ஒண்ணை விட்டாலும் அதுல இருந்து திரும்ப எல்லாத்துக்கும் ஏறிடும்.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): முக்கியமா இன்னொண்ணு. எந்த மருந்துக்கும் ஈரு லேசுல சாகாது. நாலுல இருந்து ஏழு நாள்ல பொரிஞ்சு வெளிய வரும். அதனால பத்து நாள் கழிச்சு மறுபடியும் தூவணும். நம்ம ஜனங்க ஒரு தடவையோட விட்டுட்டு மருந்து சரியில்லைன்னு சொல்லிடுறாங்க. வேலை பார்த்த காலத்துல இதை எத்தனை வீட்டுல சொல்லியிருப்பேன்!

நான்: பெரியப்பா, பாப்பா தலையில இப்போ பேன். அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல தொத்தியிருக்குமா?

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): இல்லம்மா. கோழிப்பேன் மனுசன்மேல ஊரும், ஆனா தங்கிப் பெருகாது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்துதான் வந்திருக்கும். செல்லுதான் மனுசனையும் கடிச்சுத் தடிப்பு வைக்கும்.

நான்: காட்டுல இருக்கிற மிருகத்துக்கெல்லாம் யாரு பேன் பார்ப்பாங்கன்னு பாப்பா கேக்குறா 😊

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): நல்ல கேள்விடா செல்லம். குரங்கு ஒண்ணுக்கொண்ணு பார்த்துக்கும். யானைக்குன்னே தனிப் பேன் இருக்கு, தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு அதுக்கு. யானை சேத்துலயும் புழுதியிலயும் குளிக்கிறது தோலைக் காப்பாத்திக்கத்தான். வவ்வாலுக்குப் பேனே கிடையாது!

அண்ணன் (அரியாங்குப்பம்): பெரியப்பா, சந்தையில வாங்கின வெள்ளாடு செவுத்துல தேய்ச்சுக்கிட்டே இருக்கு. முடி கொட்டுது. கூட இருக்கிற குட்டி சோர்ந்து படுத்திருக்கு. இதுவும் பேனா?

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): குட்டியோட கீழ் இமையை இழுத்துப் பாரு. என்ன நிறம்?

அண்ணன் (அரியாங்குப்பம்): வெளுத்துப் போயிருக்கு. முடிக்குள்ள நீலம் கலந்த கறுப்புல ஊருது.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): அது ரத்தம் உறிஞ்சுற பேன். ஆட்டுக்குக் கடிக்கிற பேன் ஒண்ணு, உறிஞ்சுற பேன் ஒண்ணு, ரெண்டும் வரும். ஐவர்மெக்டின் ஊசி உறிஞ்சுறதை நல்லா கொல்லும், கடிக்கிறதுக்கு அவ்வளவா கேக்காது. கடிக்கிற பேனுக்கு உடம்புமேல தெளிக்கிற மருந்து வேணும். கடையில நீயா வாங்கிப் போடாத. குட்டிக்கு ரத்தம் கொறைஞ்சிருக்கு, குடல்புழுவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்கு இப்பவே தூக்கிட்டுப் போ.

அண்ணன் (அரியாங்குப்பம்): ஆட்டோ சொல்லிட்டேன் பெரியப்பா. பசுமாடு அதே கொட்டாய்லதான் நிக்குது, அதுக்கும் ஏறிடுமா?

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): ஆட்டுப்பேன் மாட்டுல தங்காது. ஆனா மத்த ஆடுங்களைத் தனியாக் கட்டு, எல்லாத்துக்கும் சேர்த்தே மருந்து கேளு. இனிமே சந்தையில வாங்கினா ரெண்டு வாரமாவது தனியா வெச்சுப் பார்த்துட்டு மத்ததோட சேத்து விடு.

சித்தி (வில்லியனூர்): அண்ணி, வசம்பு என்கிட்ட நெறைய இருக்கு. சாயங்காலம் பஸ்ல வரும்போது இடிச்சு எடுத்துட்டு வரேன்.

அத்தை (பாகூர்): வாம்மா. புடிக்கவும் ஒரு ஆளு வேணும், கிட்டப் போனாலே கொத்த வருது.

பெரியப்பா (நெல்லிக்குப்பம்): அண்ணன்காரா, டாக்டர்கிட்ட ஆடு பால் குடுக்குதான்னு மறக்காம சொல்லிடு. ஊசி போட்டா எத்தனை நாளைக்குப் பால் எடுக்கக் கூடாதுன்னு கேட்டுக்க.

அண்ணன் (அரியாங்குப்பம்): சரிங்க பெரியப்பா. வண்டியில ஏத்தியாச்சு.