ஐ.ஏ.எம்.எம்.-ல (இந்திய மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணர்கள் சங்கம்) ஆயுள் உறுப்பினர் ஆனா என்ன பிரயோஜனம்?

மயூர்விஹார்_மைக்ரோ:
எம்.டி. முடிச்சு டெல்லி வந்து எட்டு மாசம் ஆகுது. சின்ன ஆஸ்பத்திரி லேப். மைக்ரோபயாலஜிக்கு (கிருமிப் பரிசோதனை) நான் ஒருத்தி, கூட ரெண்டு டெக்னீஷியன். ஐ.ஏ.எம்.எம்.-ல சேருன்னு கூடப் படிச்சவங்க நச்சரிக்கிறாங்க. சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டறதைத் தவிர வேற ஏதாவது உண்டா? வருஷாவருஷம் அவங்க மாநாடு மைக்ரோகானுக்குப் போய்ப் பை வாங்கிட்டு வர்ற ஆள் நான் இல்ல. பணம் கட்டினவங்க உள்ளதைச் சொல்லுங்க.

கரோல்பாக்_பெரியவர்:
பை விஷயம் சரிதாம்மா. எங்க வீட்ல ஏழு கிடக்கு, வெங்காயம் வாங்க உதவுது.

என் கதையைச் சொல்றேன். இந்த அசோசியேஷன் நடத்துற ஈக்வாஸ்ல, அதாவது என்ன கிருமின்னு சொல்லாம லேப்களுக்கு அனுப்பி விடையைத் திருத்துற திட்டத்துல, எங்க லேப் சேர்ந்த முதல் வருஷம். தெற்குல வேலூர் சி.எம்.சி., இங்க கங்காராம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து சாம்பிள் வரும். குட்டி வயல்ல உலர்த்தின கிருமி, நோயாளி பத்தி ஒரு வரி, அவ்வளவுதான். வந்தது ஸ்டாஃப் ஆரியஸ், புண்ணுல சீழ் வைக்கிற பாக்டீரியா. அது வளர்ற தட்டுல செஃபாக்ஸிடின்ங்கிற ஆன்டிபயாடிக் 30 மைக்ரோகிராம் டிஸ்க் வச்சோம். ஜோன், அதாவது டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம், 22 மி.மீ.யோ அதுக்கு மேலயோ இருந்தா சென்சிடிவ் (மருந்து கேட்கும்), 21-ம் அதுக்குக் கீழயும் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் வகை மருந்துக்கு மசியாத ரகம்). எங்களுக்கு 23. ஜோரா எழுதி அனுப்பினோம். ரிசல்ட்ல தப்புன்னு வந்துது. அது எம்.ஆர்.எஸ்.ஏ.

டிஸ்க் புதுசு, தட்டுல ஊத்தின அகார் ஜெல்லியும் 4 மி.மீ. சரியா இருக்கு. தலையைப் பிச்சுக்கிட்டு, சங்கத்தோட சாப்டர் (கிளை) மீட்டிங்ல பழகின சீனியர் ஒருத்தருக்கு போன் போட்டேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இன்குபேட்டர் எத்தனை டிகிரி?" தட்டை வைக்கிற அந்தச் சூட்டுப் பெட்டியோட டிஸ்ப்ளேல 35. "டிஸ்ப்ளேயை விடுய்யா. கிளிசரின் பாட்டில்ல தெர்மாமீட்டரைச் செருகி உள்ள வை."

வச்சேன். 37.5. மே மாசம், ராத்திரி ரூம் ஏ.சி.யை அணைச்சுட்டுப் போயிடுவாங்க. 35-ஐத் தாண்டினா மெத்திசிலின் ரெசிஸ்டன்ஸ் ஒளிஞ்சுக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு சென்சிடிவ்னு கையெழுத்துப் போட்டேனோ, இன்னிக்கும் வயித்தைக் கலக்குது.

மயூர்விஹார்_மைக்ரோ:
சார், ஈக்வாஸுக்கு லேப் தனியாத்தானே பணம் கட்டுது? என்.ஏ.பி.எல். (லேபுக்கான தரச் சான்று) வேணும்னா எப்படியும் அந்த மாதிரி ஒண்ணுல சேரணும். ஆயுள் உறுப்பினர் எதுக்கு?

கரோல்பாக்_பெரியவர்:
நல்ல கேள்வி. தப்புன்னு காகிதம் சொல்லும். ஏன் தப்புன்னு அந்த சீனியர்தான் சொன்னார். ஒருத்தியா லேப்ல உட்கார்ந்திருக்கிறவளுக்கு அப்படிப்பட்ட ஆளோட போன் நம்பர் எங்க கிடைக்கும்? மைக்ரோகான்ல பெரிய ஹால் பேச்சை விட்டுடு. வொர்க்ஷாப்புக்குப் போ, டீ வரிசையில நில்லு. மத்தபடி ஜர்னல் வருது, நான் பாதிதான் படிப்பேன்.

பூசா_மண்வாசனை:
நோயாளியே இல்லாத மைக்ரோபயாலஜிஸ்ட்டும் உண்டுங்க! நான் மண்ணுல ரைசோபியம், அதாவது பயறுச் செடி வேர்ல நைட்ரஜன் சேர்க்கிற பாக்டீரியா, தேடறவன். எங்களுக்கு ஏ.எம்.ஐ. (இந்திய நுண்ணுயிரியலாளர் சங்கம்), 1938-ல ஆரம்பிச்சது. பால், மண், தொழிற்சாலைன்னு எல்லாரும் ஒரே குடைக்குள்ள. அவங்க மாநாட்டுல என் ஆராய்ச்சியைச் சொல்லி ஒட்டின முதல் போஸ்டர் முன்னாடி அரை மணி நேரம் ஒருத்தர்கூட நிக்கல. கடைசியா ஒரு பால் ஆராய்ச்சிக்காரர் வந்து, ஒப்பிட்டுப் பார்க்க ரைசோபியம் போடாத கண்ட்ரோல் பானையே இல்லியேன்னார். அவமானந்தான், ஆனா அடுத்த போகத்துல வச்சேன்.

மயூர்விஹார்_மைக்ரோ:
மெம்பர்ஷிப் ஃபார்ம் விஷயத்துக்கு அப்புறம் வர்றேன் சார். நேத்து ராத்திரி கிளிசரின் பாட்டில் வச்சுட்டு வந்தேன். டிஸ்ப்ளேல 35, தெர்மாமீட்டர்ல 36.8. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கேன். போன வார ஸ்டாஃப் ஆரியஸ் பிளேட் எல்லாத்தையும் திரும்பப் போட்டுக்கிட்டிருக்கோம்.