அத்தை ஊருக்குப் போன ரெண்டு நாளில் மூணு மூட்டை போட்டுவிட்டேன். நான் செய்தது தப்பா?

வில்லாபுரம் மருமகள்:
வீட்டில் ஏழு பேர். ரெண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, சுற்றிலும் பரண். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் ரெண்டு, அத்தை, மாமா, கொழுந்தன். அடுத்த மாதம் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், ஒரு ரூமை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதே அத்தைதான். அவர்கள் ஒரு காதுகுத்துக்கு மேலூர் போன நேரத்தில் நான் இறங்கிவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் மட்டும் 14 கட்டைப்பை. ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொன்று மடித்து வைத்திருக்கிறது, அதற்குள் இன்னொன்று. ஜவுளிக்கடைப் பேர் முக்கால்வாசி அழிந்துபோன பைகள். மூடி இல்லாத டப்பா 23, எந்த டப்பாவுக்கும் சேராத மூடி அதற்கு மேல். கத்தரிக்கோல் ஆறு கிடைத்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டச் சொன்ன அன்று இரவு ஒன்பது மணிக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாமல், ஓடிப்போய் ஏழாவது வாங்கினேன், அது போன வாரம். அப்புறம் 2006 தேர்தலுக்குப் பிறகு கொடுத்த இலவச கலர் டிவி, 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று ரெண்டு ஆட்சியும் எங்கள் பரணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொடவில்லை. மாமா டிவி இன்னும் ஓடும் என்கிறார்.

மூணு மூட்டை பழைய இரும்புக் கடைக்குப் போனது, 1,140 ரூபாய் கிடைத்தது. அத்தை வந்தார்கள், ரூமைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தட்டைக் கழுவிக்கொண்டே "அந்தத் தூக்குவாளி எங்கத்தா?" என்று மட்டும் கேட்டார்கள். அடி நசுங்கி, பிடி ஒரு பக்கம் ஆடுகிற எவர்சில்வர் தூக்குவாளி. மூட்டையில் போய்விட்டது. அன்றிலிருந்து இன்றோடு நாலு நாள், தேவைக்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நேராகச் சொல்லுங்கள், தப்பு என் மேலேயா?

எல்லீஸ் நகர் எலி:
தப்பே இல்லை. ஏழு பேர் இருக்கிற வீட்டில் எட்டாவதாகப் பொருள்கள் குடியிருக்கின்றன, அதுவும் வாடகை கொடுக்காமல். என் கணக்கு ஒன்றுதான்: ஒரு வருஷம் கையில் எடுக்காத பொருள் வீட்டுக்கு வேண்டாத பொருள். ஜப்பானில் மேரி கொண்டோ என்று ஒரு அம்மா, பொருளைக் கையில் எடுத்துப் பார், மனசுக்குச் சந்தோஷமாக இருந்தால் வை, இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு என்கிறார். நசுங்கிய தூக்குவாளியைப் பார்த்து யாருக்குச் சந்தோஷம் வரப்போகிறது? நாலு நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

தல்லாகுளம்77:
எலி அண்ணே, ஒரு வருஷம் கணக்கை மதுரையில் வந்து சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் பரணை விட்டு இறங்கும், சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்கு. அழகர் வருகிற வழியில் வாசலில் வைத்து நீர்மோர் ஊற்றுவோம். சர்க்கரைச் சொம்பும் அப்படித்தான். நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாயில் வாழை இலையைக் கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு மறுநாள் கழுவிக் கவிழ்த்தால் அடுத்த சித்திரைக்குத்தான் எடுப்போம். மீதி 364 நாளும் அது சும்மா கிடப்பதால் வேண்டாத பொருளாகிவிடுமா? திருவிழாவுக்கு ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து மொட்டைமாடியில் படுப்பார்கள், அவர்களுக்குப் பாயும் போர்வையும் நீங்களா கொண்டு வருவீர்கள்?

எல்லீஸ் நகர் எலி:
அண்டாவை யார் போடச் சொன்னது? அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. மூடி இல்லாத 23 டப்பாவுக்கு எந்தத் திருவிழா? அண்டாவைக் காட்டி டப்பாவைக் காப்பாற்றுவதுதான் உங்கள் ஆட்கள் எப்போதும் செய்கிற வேலை.

செல்லூர்ப் பரண்:
எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 2024 அக்டோபரில் மழை கொட்டி செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தரையில் "அழகாக" அடுக்கி வைத்த எல்லாம் போச்சு, ஷூ ரேக், புது மர அலமாரியின் அடித்தட்டு, பிள்ளைகளின் புத்தகம். பரணில் குப்பை என்று திட்டு வாங்கிய சாமான் மட்டும் நனையவில்லை. ஒரு வாரம் நாங்கள் பொங்கித் தின்றது அந்தப் பாத்திரத்தில்தான். பரணைக் காலி செய்கிறவர்கள் யாரும் ஆத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்து பார்த்ததில்லை.

அவனியாபுரம் அக்கா:
ஆண்கள் எல்லாரும் பரணுக்காக இவ்வளவு உருகுகிறீர்களே, ஒன்று கேட்கிறேன். கடைசியாக எந்த வருஷம் ஸ்டூல் போட்டு ஏறி அந்த அண்டாவை இறக்கித் துடைத்தீர்கள்? புளி போட்டுத் தேய்த்தது யார்? அதற்கு ஈயம் பூச ஆள் தேடி அலைந்தது யார்?

எங்கோ படித்த செய்தி இல்லை, முறையாகச் செய்த ஆராய்ச்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் 32 குடும்பங்களின் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு பொருளாக எண்ணினார்கள், நாலில் மூணு வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் கார் இல்லை, சாமான்தான். அதே ஆராய்ச்சியை வைத்து 2010ல் வந்த ஒரு கட்டுரையில், வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனைவிமாருக்கு, பொழுது சாயச் சாய இறங்க வேண்டிய மன அழுத்தச் சுரப்பு சரியாக இறங்கவில்லை என்று போட்டிருந்தார்கள். புருஷன்மாரிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்குத்தான் அது படவே இல்லையே!

மொட்டைமாடிக்கு வேறு கணக்கு. உடைந்த வாளி, பழைய டயர், பூச்சட்டித் தட்டு, குழி விழுந்த ஆட்டுரல், எதில் ஒரு கை தண்ணீர் தேங்கினாலும் டெங்கு கொசு முட்டை வைக்கும். வாளி காய்ந்துவிட்டதே என்று விட்டாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதில் மட்டும் அத்தை, மாமா யாரிடமும் கேட்க வேண்டாம், கவிழ்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

எலி தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஜப்பான் அம்மாவே மூணாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன் என்று 2023 ஜனவரியில் சொல்லிவிட்டார். பிள்ளை உள்ள வீடு அப்படித்தான் இருக்கும்.

மேலூர்ப் பேரன்:
வில்லாபுரம் மதினி, நான் உங்களுக்கு எதிராகத்தான் பேசப் போகிறேன், கோபிக்காதீர்கள். பாத்திரம் போடும் முன்னால் திருப்பிப் பார்த்தீர்களா? விளிம்பிலோ அடியிலோ பேர் வெட்டியிருப்பார்கள். இப்போது கடையில் கரண்டில் ஓடுகிற பேனா மாதிரி ஒன்றை வைத்து கொர்ரென்று இழுத்துவிடுகிறார்கள், முன்னால் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தும் புள்ளிப் புள்ளியாக வரும். எங்கள் அப்பத்தா மொய் நோட்டைத் தேட மாட்டார், தாம்பாளத்தைத் திருப்புவார். இன்ன ஊர், இன்னார், இன்ன தேதி, அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன திருப்பிச் செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் அய்யா இறந்து பட்டா மாற்றப் போனபோது தகரப் பெட்டியில் கிடந்த பழைய தீர்வை ரசீதுக் கட்டுதான் கைகொடுத்தது. அதையும் ஒரு தீபாவளிக்கு எங்கள் அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போடப் போனார், அப்பத்தா பிடுங்கி வைத்தார்.

எல்லீஸ் நகர் எலி:
ரசீது கைகொடுத்தது சரி. அந்தப் பெட்டியில் ரசீதோடு வேறு என்ன இருந்தது?

மேலூர்ப் பேரன்:
கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை, இராமபாணப் பூச்சி பாதி அரித்த ஒரு பஞ்சாங்கம். சரி, ஒத்துக்கொள்கிறேன், ரசீதைத் தேடி எடுக்க ரெண்டு நாள் ஆனது.

எல்லீஸ் நகர் எலி:
அவ்வளவுதான் நான் சொல்வது. வைத்திருந்ததால் கிடைத்தது என்கிறீர்கள், எல்லாவற்றையும் வைத்திருந்ததால்தான் ரெண்டு நாள் ஆனது என்கிறேன். ஆறு கத்தரிக்கோல் இருந்த வீட்டில் ஏழாவது வாங்கியதும் அதே கதை.

வில்லாபுரம் மருமகள்:
மேலூர்த் தம்பி சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அடியில் என்னவோ புள்ளிகள் இருந்தன, நான் துரு என்று நினைத்தேன், எவர்சில்வரில் எங்கே துரு வந்தது என்று அப்போது தோன்றவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் சொன்னது: அது அத்தைக்கு அவர்கள் அம்மாச்சி வாங்கிக் கொடுத்தது, வீட்டில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குச் சோறு போவது அந்த வாளியில்தான். ஒரு ஆளுக்குச் சோறும் மேல் தட்டில் தொடுகறியும் கச்சிதமாகப் பிடிக்கும். "உனக்கே அதில்தானே மதினி வந்தது" என்றாள்.

வந்தது உண்மை. சின்னவன் பிறந்தபோது என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அத்தைதான் ரெண்டு பஸ் மாறி மூணு வேளையும் பூண்டுக் குழம்பும் சோறும் கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் அந்த வாளியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவள் நான். மூட்டையில் போடும்போது அடையாளம் தெரியவில்லை.

அவனியாபுரம் அக்கா:
இப்போதே கடைக்குப் போ. எவர்சில்வரைத் தினமும் வண்டி ஏற்ற மாட்டார்கள், ஒரு லோடு சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்காதே.

எல்லீஸ் நகர் எலி:
போய் வாருங்கள், கிடைக்கட்டும். ஆனாலும் ஒன்று: மூணு மூட்டையில் உங்கள் அத்தை கேட்டது ஒரே ஒரு தூக்குவாளி. 23 டப்பாவைக் கேட்டார்களா? கட்டைப்பை 14ல் ஒன்றையாவது தேடினார்களா?

தல்லாகுளம்77:
கேட்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமா? பேசாமல் இருக்கிறவர் எதை நினைத்துப் பேசாமல் இருக்கிறாரோ. அதோடு, ரூமை ஒழிக்கச் சொன்னவருக்கு அவர் இருக்கும்போது ஒழிக்க என்ன தடை? ஊருக்குப் போகும்வரை காத்திருந்ததில்தான் விஷயமே இருக்கிறது. தன் சாமானைத் தான் இல்லாதபோது வேறொருவர் கிளறினால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும்.

அவனியாபுரம் அக்கா:
இருக்கும்போது செய்தால் ஒரு டப்பாவும் நகராது தம்பி, அது தெரிந்துதான் பாவம் அந்தப் பிள்ளை காத்திருந்தது. என் மாமியாரோடு நான் செய்ததைச் சொல்கிறேன். மூட்டையை வெளியே அனுப்பவில்லை, வாய் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். "வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், தை பிறப்பதற்குள் போட்டுவிடுவேன்" என்று ஒரு வார்த்தை. ஆறு மாதத்தில் அவர் எடுத்தது ஒரு பால் சட்டியும் முறுக்கு உழக்கும். மீதி போகிக்கு முன்னாலேயே கடைக்குப் போனது, கொளுத்தவில்லை, கொளுத்தினால் அந்தப் பிளாஸ்டிக் புகை நம் மூக்குக்குள்தான் வரும். பாத்திரம் என்றால் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துவிட வேண்டும். கதை கேட்க நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்.

கத்தரிக்கோலுக்கு ஒரே வழி, சமையலறை ஜன்னல் கம்பியில் சணல் கயிறு போட்டுக் கட்டிவிடு. கயிறு எட்டுகிற தூரத்துக்குத்தான் போகும், கேட்காமல் யாரும் தூக்கிப் போக முடியாது. மற்ற ஆறையும் தாராளமாகக் கொடு.

இன்னொன்று, முக்கியம். நாத்தனார் வருகிறாள் என்றாயே, பழைய வேட்டி, நைந்த சுங்குடிச் சேலை எதையும் மூட்டையில் போட்டுவிடவில்லையே? தொட்டில் கட்டவும் பிள்ளையைத் துடைக்கவும் பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பருத்திதான் வேண்டும், புதுத்துணி ஆகாது.

வில்லாபுரம் மருமகள்:
சேலை பத்திரமாக இருக்கிறது அக்கா. வாளியும் கிடைத்துவிட்டது!

கடையில் குவியலைக் கிளறு கிளறு என்று கிளறினேன், இல்லை. கடைக்காரர் அண்ணன் நெற்றியைச் சொறிந்துகொண்டு, "தூக்குவாளியா... கொஞ்சம் இருங்க தங்கச்சி, பையன் வரட்டும்" என்றார். பத்து நிமிஷத்தில் பையன் வந்தான், கையில் எங்கள் வாளி, உள்ளே அஞ்சு டீ. பிடியைக் கம்பி வைத்து முறுக்கி ஆடாமல் செய்திருக்கிறான். நாலு நாளாக டீ வாங்கப் போவது அதில்தானாம். எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். காசு வாங்க மாட்டேன் என்றார், பையனுக்கு வேறு ஒரு புது வாளி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அத்தை வாங்கிப் பார்த்தார்கள். அடியைத் திருப்பி விரலால் தடவினார்கள், அப்புறம் மோந்து பார்த்து "டீ வாடை அடிக்குது" என்றார்கள். சாம்பலும் புளியும் கேட்டார்கள். பிடியை மட்டும் ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு "யாரு முறுக்குனது, நல்லா இருக்கே" என்றார்கள்.

எல்லீஸ் நகர் எலி:
பார்த்தீர்களா, பரணில் இருந்தவரை ஆடிக்கொண்டிருந்த பிடி, வெளியே போனதும் சரியாகிவிட்டது.

மேலூர்ப் பேரன்:
அண்ணே, விடமாட்டீர்களா!

வில்லாபுரம் மருமகள்:
சண்டை போடுங்கள், எனக்கு அடுத்த வேலை இருக்கிறது. இன்று காலையில் அத்தையே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அந்த இலவச டிவியைக் காட்டி, "இத மொதல்ல எறக்கு, உங்க மாமா டீக்கடைக்குப் போயிருக்காரு" என்றார்கள். இறக்கியாச்சு, பழைய பிக்சர் டியூப் டிவி. அந்தக் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடக் கூடாது என்று கொழுந்தன் சொல்கிறான், அப்படியே போட்டால் அது நேரே வெள்ளக்கல் குப்பைமேட்டுக்குத்தான் போகும். மாமா வருவதற்குள் எங்கே கொடுப்பது? யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்லூர்ப் பரண்:
தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஓடும்.