எச்.டி. டிவியில் டிவிடி பார்த்த அனுபவம்

கோவை உறுப்பினர்:
42 அங்குல எச்.டி. (உயர் தெளிவு) டிவி வந்த அன்று மாலையில் நான் முதலில் போட்டது எங்கள் கல்யாண டிவிடியைத்தான். பழைய குழாய் டிவியில் பளிச்சென்று தெரிந்த முகங்கள் இதில் பக்கவாட்டில் உப்பியிருந்தன. சிவப்புப் பட்டுச்சேலையின் ஓரத்தில் நிறம் கசிந்து புள்ளிகள் ஊர்ந்தன. “ஏனுங்க மாப்பிள்ளை, கல்யாணத்தப்பவே இத்தனை குண்டாவா இருந்தீங்க?” என்று மாமனார் கேட்டார். 4:3 அளவில் (அகலம் 4, உயரம் 3 என்ற விகிதம்) எடுத்த படத்தை, அதைவிட அகலமான 16:9 திரை முழுவதும் டிவி இழுத்துக் காட்டியதே அதற்குக் காரணம் என்பதால், ரிமோட்டில் 4:3 என மாற்றியதும் என் மானம் தப்பியது. நிறக் கசிவுக்குக் காரணம் பிளேயரை டிவியுடன் இணைத்த மஞ்சள் வயர். ஒளிர்வும் நிறமும் அந்த ஒரே வயரில் கலந்து வருவதால், டிவியால் அவற்றை முழுமையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. பிளேயரின் பின்புறம் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள் இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அவற்றில் ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் காம்போனன்ட் வயரைச் செருகி, மெனுவில் படத்தின் எல்லா வரிகளையும் ஒரே முறையில் காட்டும் புரோகிரசிவ் ஸ்கேனையும் இயக்கிய பிறகு, சேலையின் சரிகைக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

மதுரை உறுப்பினர்:
என்னிடம் இருந்தது எச்.டி.எம்.ஐ. (படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு) உள்ள பிளேயர். 1080பி (1080 வரிப் படம்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, எச்.டி. படம் உள்ள புளூ-ரே வட்டு போலத் தெரியும் என எதிர்பார்த்துவிட்டேன். இந்தியாவில் வழங்கும் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் இருப்பதே 720×576 புள்ளிகள்தான். மீதியைப் பிளேயர் கணக்கிட்டு நிரப்புகிறது. அந்த 576 வரிகளும்கூட எனக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. பிளேயரின் மெனுவில் திரை வகை ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ என்றே இருந்ததால், அகலத்திரைப் படத்தை அது 432 வரிகளுக்குச் சுருக்கி, மேலும் கீழும் கருப்புப் பட்டை போட்டு அனுப்ப, நானோ டிவியில் ‘ஜூம்’ அழுத்தி அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 16:9 என மாற்றியதில் கிடைத்த தெளிவு, எச்.டி.எம்.ஐ. வயர் தந்ததைவிட அதிகம்.

சேலம் உறுப்பினர்:
டிவியில் ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும் ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கியதும், எழுத்துகளைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடு மறைந்தது. நிறங்களை மிகைப்படுத்தும் ‘விவிட்’ முறையையும் கைவிட்டேன். ஆனால் 4.7 ஜிபி வட்டு ஒன்றில் மூன்று படங்களைத் திணித்து விற்ற டிவிடிக்கு எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. மழைக் காட்சி வந்தால் திரை முழுவதும் சதுரம் சதுரமாக உடைகிறது. அதை இப்போது சமையலறையில் இருக்கும் பழைய குழாய் டிவியில்தான் போடுகிறோம்.