வாசகசாலைத் தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது: முழுக் கச்சேரியா, ஆவணப்படமா?

வடிவீசுவரம் ரசிகர் எழுதியது:

நாகர்கோவிலில் எங்கள் தெரு வாசகசாலைக்குச் சென்ற மாதம் ஒரு பெரிய தொலைக்காட்சி வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் மாலையில் இரண்டரை மணி நேரம் இசை நிகழ்ச்சி பார்ப்பதென்று முடிவாகிவிட்டது. எதைப் பார்ப்பது என்பதில்தான் உறுப்பினர்கள் இரண்டு பட்டு நிற்கிறோம். முழுக் கச்சேரிகளை வெட்டாமல் போட வேண்டும் என்று ஒரு சாராரும், இசை பற்றிய ஆவணப்படங்களைப் போட வேண்டும் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். நான் முதல் கட்சி. என் காரணங்களை இங்கே வைக்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் மறுக்கலாம்.

கச்சேரி என்பது வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் ஒரே பொருள். நடுவிலிருந்து ஒரு கீர்த்தனையை மட்டும் பிய்த்தெடுத்துக் கேட்டால் பாட்டு கிடைக்கும், கச்சேரி கிடைக்காது. பாடகரின் குரல் மெல்ல மெல்லச் சூடேறுவதும், வயலின்காரர் முதல் அரைமணியில் அடங்கியிருந்துவிட்டு முக்கிய ராகத்தில் தம் கையைக் காட்டுவதும், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லோருமாகப் பல்லவியின் எடுப்புக்கு வந்து சேருவதும் நேரம் கொடுத்தால்தான் புலப்படும். தொலைக்காட்சிகளோ இரண்டரை மணி நேரக் கச்சேரியை விளம்பரத்துடன் ஒரு மணிக்குள் அடைக்கின்றன. அதில் முதலில் பலியாவது தனி ஆவர்த்தனம்தான்.

எண்பதுகளில் எங்கள் வீட்டு ஆண்டெனாவைத் திருவனந்தபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். 1985இல் அங்கிருந்து மலையாள ஒளிபரப்பு தொடங்கியபின், மொழி முழுதும் புரியாவிட்டாலும் பாட்டுக்காகவே என் பாட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டே தோடியையும் பைரவியையும் பிரித்தறியக் கற்றார். ஆவணப்படத்தில் ஆலாபனை இரண்டு நிமிடத்தைத் தொடுவதற்குள் பின்னணிக் குரல் வந்து அதை மூடிவிடுகிறது. பாட்டின் மேல் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

முதல் மாதத்துக்குத் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிகளின் பதிவுகளைப் பரிந்துரைக்கிறேன். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கிருதிகள் நாளுக்கொன்றாக வகுக்கப்பட்டிருக்கின்றன. பாடுபவர் மாறலாம், அன்றைய ராகம் மாறாது. அங்கே கைதட்டும் வழக்கமும் இல்லை. வெட்டாமல் பார்ப்பதற்கு இதைவிடத் தகுந்த கச்சேரி வேறில்லை.

தக்கலை வாசகி எழுதியது:

ஐயா, தாங்கள் எடுத்துக்காட்டிய அதே நவராத்திரிக் கச்சேரியைக் கொண்டே தங்களை மறுக்க விரும்புகிறேன்.

அந்த மண்டபத்தில் கொலுவிருக்கும் சரஸ்வதி எங்கள் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பாக அரண்மனையில் உடைவாள் கைமாற்றப்பட்டு, சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் ஓர் இரவும் தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கிறார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறியதால் வந்த பயணம் இது. 1956 நவம்பர் 1 அன்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பின்பும் அது நிற்கவில்லை. இரு மாநிலக் காவலரும் அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். இவை எதுவும் கச்சேரிப் பதிவின் சட்டகத்துக்குள் வராது. நிலையான ஒரு கேமரா பாடகரின் முகத்தையும் குத்துவிளக்கையும் மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் 2006 வரை ஒரு பெண்கூடப் பாடியதில்லை. அவ்வாண்டு பாறசாலை பொன்னம்மாள்தான் முதன்முதலில் பாடினார். கலைமகளின் முன்னிலையில் பெண்குரல் ஒலிப்பதற்கு அத்தனை தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது என்பதை அறியாமல் ஒரு பெண் பாடும் பதிவைப் பார்ப்பவருக்கு, அது ஒரு நல்ல கச்சேரி, அவ்வளவுதான். அறிந்து பார்ப்பவருக்கு அவர் எடுக்கும் முதல் ஷட்ஜமே வேறு கனத்தோடு கேட்கும். கச்சேரி தன்னைப் பற்றித் தானே இதைச் சொல்லிக்கொள்ளாது. சொல்வதற்கு ஆவணப்படம் வேண்டும்.

அரங்குக்குப் போகும் வசதியும் உரிமையும் இருப்பவருக்குத் தொலைக்காட்சிக் கச்சேரி ஒரு நகல். அரங்கில் உட்கார்ந்தாலும் கிடைக்காத ஒன்றைத் தருவது ஆவணப்படம். சத்யஜித் ராய் 1976இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த படம் அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். வீணை தனம்மாளின் பேத்தியான அவரை, அபிநயத்தின்போது கண்ணின் அசைவு தெரியும் நெருக்கத்தில் எந்த அரங்கின் முன்வரிசைக்காரரும் பார்த்திருக்க முடியாது.

வடிவீசுவரம் ரசிகர் எழுதியது:

அம்மா, ஊர்வலத்தைப் பற்றித் தாங்கள் எழுதியது முழுதும் உண்மை. நானும் குழித்துறையில் சரஸ்வதியைக் கும்பிட்டவன்தான். ஆனால் தாங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். ராய் பாலசரஸ்வதியின் ஆட்டத்தை முதலில் கண்டது 1935இல் கல்கத்தாவில்; படம் எடுத்தபோது அம்மையாருக்கு வயது 58. இடையில் நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. அவ்வளவு தாமதமாக எடுத்த படத்திலும், கிருஷ்ணனை அழைக்கும் அந்தப் புகழ்பெற்ற பதத்தைக் கடற்கரையில் ஆட வைத்தார்கள். சேலைத் தலைப்பைக் காற்று அலைக்கழிக்க, பின்னால் அலை புரள, அந்தக் கலைஞர் தம் அபிநயத்தைக் காற்றோடு போராடி நிலைநிறுத்துகிறார். வெறும் மேடையில் அசையாத கேமராவை வைத்து, அவரை ஒரு முழு மாலை ஆடச் சொல்லிப் பதிவு செய்திருந்தால் நமக்கு எத்தனை பெரிய செல்வம் மிஞ்சியிருக்கும் என்று எண்ணாமல் அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. இயக்குநர் எத்தனை பெரியவராயினும், ஆவணப்படத்தில் நாம் முதலில் காண்பது அவருடைய தேர்வைத்தான்.

வெட்டாத பதிவின் அருமைக்கு 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியைச் சொல்வேன். சிதார் ரவிசங்கரும் சரோத் அலி அக்பர் கானும் தபலா அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் பணிவோடு சொன்னார். சுருதி சேர்க்கும் நேரம் வீண் என்று யாரேனும் வெட்டியிருந்தால் அந்தக் கணம் தொலைந்திருக்கும்.

மணவாளக்குறிச்சி ஒலியமைப்பாளர் எழுதியது:

அண்ணாச்சி, இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு குறையை யாரும் பேசவில்லை. கோயில் திருவிழாக்களுக்கும் தேவாலய விழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆண் பாடகருக்கான தம்புராவின் மிகத் தாழ்ந்த மந்தரத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இப்போதைய தட்டைத் தொலைக்காட்சியில் ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை; விரலளவுப் பொருளைக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தியிருப்பார்கள். அது அத்தனை தாழ்ந்த ஒலியைத் தராது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு கேட்கும், இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த கும்காரம் கேட்காது. பாதி வாத்தியம் போய்விட்ட தனி ஆவர்த்தனத்தை வெட்டாமல் காட்டி என்ன பயன்? பேச்சுக்குரல் மட்டும் இந்த ஒலிபெருக்கியில் தெளிவாக வரும். எனவே தனியாக ஒலியமைப்பு செய்யாதவரை ஆவணப்படம்தான் இந்தப் பெட்டிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வாசகசாலையில் பழைய ஆம்பிளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் இருந்தால், தொலைக்காட்சியிலிருந்து ஒரு கம்பி இழுத்து அதில் கொடுங்கள். ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் வையுங்கள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'சினிமா', 'ஸ்டேடியம்' என்றிருப்பவற்றை அணைத்துவிடுங்கள். அவை இல்லாத எதிரொலியைச் சேர்க்கின்றன. அதற்குப் பிறகு முழுக் கச்சேரி போடலாம். அப்போது நானும் வந்து உட்காருவேன்.

குலசேகரம் ஆசிரியர் எழுதியது:

இதுவரை எழுதிய மூவரும் சபா மேடையை விட்டு இறங்கவில்லை. இந்த மாவட்டத்தின் இசை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வில்லுப்பாட்டு. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டுக் கலைஞராகத்தான் தொடங்கினார் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த வில்லைத் தொலைக்காட்சியில் எப்படிப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பொங்கலன்று அரைமணி நேரம் வில்லுப்பாட்டு ஒளிபரப்பாகிறது. குளிரூட்டிய அரங்கில் காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, கதையைத் தொடுவதற்குள் வாழி பாடி முடித்துவிடுகிறார்கள். ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் அப்படியல்ல. தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு இரவில் தொடங்கும் கதை மறுநாளும் நீளும். வலத்தே ஒருவர் பாட இடத்தே மற்றொருவர் ஏற்றுப் பாட, உடுக்கையும் குடமும் கட்டையும் தாளமும் சேர்ந்து ஏறிவரும்போது பாட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டாக மாறுகிறது. வேகம் கூடக்கூடச் சாமியாடியின் உடல் அதற்கு மறுமொழி சொல்கிறது. அங்கே பாட்டைக் கேட்பது தெய்வம். கூட்டம் பக்கத்தில் நிற்கிறது. இதைக் 'கச்சேரி' என்று பெயரிட்டு மேடைப் பதிவாகக் காட்டுவதும் பொருந்தாது, பேராசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்து விளக்கும் ஆவணப்படமாகக் காட்டுவதும் போதாது.

என் கருத்தில் இன்று இருக்கும் சிறந்த பதிவுகள், ஊர் நிழற்படக் கடைக்காரர்கள் கொடைக் கமிட்டிக்காக எடுத்து யூடியூபில் ஏற்றிவைத்திருக்கும் ஐந்தாறு மணி நேரக் காட்சிகள்தாம். கேமரா அசையும், ஒலி சில இடங்களில் உடையும், குறுக்கே குழந்தைகள் ஓடும். ஆனால் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது, பூசைக்காக எவ்வளவு நேரம் நிறுத்தி மீண்டும் எடுக்கிறார்கள், எந்த வரியில் தாளம் மாறுகிறது என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. இவற்றில் ஒன்றை வாசகசாலையில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தக்கலை வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் பதிவு என் நெஞ்சைத் தொட்டது; என் தாய்வழி ஊரிலும் கொடை உண்டு. ஆயினும் ஒரு கேள்வி. அந்த ஐந்து மணி நேரப் பதிவில் கதையின் பாதிச் சொற்கள் கூட்டத்தின் இரைச்சலில் மறைந்துவிடுமே, கதை தெரியாத இன்றைய பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கதைச் சுருக்கமும், பாடுகிறவரிடமே கேட்டுப் பெற்ற விளக்கமும் சேர வேண்டுமென்றால், அங்கேயே ஓர் ஆவணப்படம் பிறந்துவிடுகிறது.

பதிவு இருந்தால் மட்டும் போதும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1969இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின மக்களுக்காக நடந்த கோடை இசைவிழாவை ஏறத்தாழ 40 மணி நேரத்துக்குப் படம்பிடித்தார்கள். ஒளிபரப்ப முன்வருவோர் பெரிதாக இல்லாததால் அதன் பெரும்பகுதி ஐம்பது ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. 2021இல் அதை ஆவணப்படமாகத் தொகுத்து, அன்று கூட்டத்தில் நின்றவர்களையே பேச வைத்தபோதுதான் உலகம் பார்த்தது. மறு ஆண்டு அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. பாட்டின் நடுவே பேச்சு வருகிறது என்று ஐயா குறைபடலாம். அந்தப் பேச்சு இல்லையென்றால் அந்தப் பாட்டு இன்னும் பெட்டிக்குள்தான் இருந்திருக்கும்.

இன்னும் அருகே வருகிறேன். தங்கள் வடிவீசுவரத்திலேயே 1839இல் பிறந்த பாடலாசிரியர் நீலகண்ட சிவனின் 'என்றைக்குச் சிவகிருபை வருமோ' முகாரி ராகத்தில் ஒலிக்கும்போது, அவர் நம் ஊர்க்காரர் என்று வாசகசாலையில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரைக் கேட்டுத்தான் பாபநாசம் சிவன் உருவானார். ஆயிரம் முழுக் கச்சேரிகளைப் போட்டாலும் இந்தத் தகவல் அவற்றிலிருந்து வாராது.

வடிவீசுவரம் ரசிகர் எழுதியது:

நீலகண்ட சிவனைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள், அம்மா. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் ஒரு கச்சேரி முடிந்து பக்கத்து இருக்கைப் பெரியவர் சொல்லித்தான், அது தெரியவந்தது. ஆனால் அன்று கச்சேரிக்குப் போயிருந்ததால்தான் அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வாசகசாலையில் நாற்பது பேர் ஒன்றாக உட்காரும்போது, சொல்லத் தெரிந்தவர் ஒருவராவது அவர்களுள் இருப்பார்.

எனவே நிர்வாகிகளிடம் இப்படிக் கேட்கப் போகிறேன். மணவாளக்குறிச்சித் தம்பி சொன்னபடி ஆம்பிளிஃபயரைப் பழுது பார்த்த பிறகே தொடங்குவோம். முதல் சனிக்கிழமை, நவராத்திரி மண்டபத்தில் ஒரு பெண் பாடிய கச்சேரியின் முழுப் பதிவு. அதற்கு முன் கால்மணி நேரம் தாங்களே வந்து ஊர்வலத்தைப் பற்றியும் 2006ஐப் பற்றியும் பேச வேண்டும். பாட்டு தொடங்கிய பின் ஒரு சொல்லும் கூடாது. ஆசிரியர் சொன்ன கொடைப் பதிவை இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரித்துப் போடலாமா என்பதை அவரே சொல்லட்டும்.

குலசேகரம் ஆசிரியர் எழுதியது:

பிரிக்க வேண்டாம். கொடைப் பதிவை மாலை ஆறு மணிக்குப் போட்டு, இரவு பதினொன்று வரை ஓடவிடுங்கள். இருப்பவர்கள் இருக்கட்டும், எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புபவர்கள் திரும்பட்டும். கொடையிலும் அப்படித்தான் கேட்கிறோம். கதைச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். தக்கலை அம்மையார் அதைப் படித்துப் பார்த்து, பிள்ளைகளுக்குப் புரியாத இடங்களைக் குறித்துத் தந்தால் திருத்திக்கொள்வேன்.

தக்கலை வாசகி எழுதியது:

குறித்துத் தருகிறேன், ஐயா. முதல் சனிக்கிழமை பேசவும் வருகிறேன். கால்மணி நேரம் போதாது, அரைமணி வேண்டும். இரண்டாவது சனிக்கிழமைக்குப் பாலசரஸ்வதி படத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரைக் காட்சி வரும்போது வடிவீசுவரம் ஐயாவும் இருக்க வேண்டும். படம் முடிந்ததும், அந்தக் காற்றைப் பற்றி நாம் அங்கேயே பேசிக்கொள்வோம்.