திருமண வீடியோ தொகுக்கும் கணினிக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

நெல்லைப் படத்தொகுப்பாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் திருமண நிகழ்ச்சிகளை வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். தொகுப்பு வேலைக்காகச் சென்ற ஆண்டு பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினியைப் பூட்டினோம். இன்டெல் கோர் ஐ7-14700கே பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ரேம், முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட கேபினெட் ஆகியவை அதில் உள்ளன. எங்கள் கேமராக்கள் 10 பிட் 4:2:2 வகை எச்.265 கோப்புகளை, அதாவது நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோக்களைத் தருகின்றன. அவற்றைத் தடங்கலின்றி ஓட்டும், பிராசஸருக்குள்ளேயே அமைந்த குவிக்சிங்க் என்ற வீடியோ வசதி வேண்டும் என்பதற்காகவே இன்டெல் பிராசஸரை வாங்கினோம்.

பிராசஸரைக் குளிர்விக்க இப்போது அதன் மேல் இருப்பது நான்கு ஹீட் பைப் கொண்ட ஒற்றைக் கோபுர ஏர் கூலர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. எங்கள் அறையில் ஏ.சி. கிடையாது; பிற்பகலில் அறையின் வெப்பமே 36 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. வேலை கனக்கும்போது பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எழும் ஃபேன் இரைச்சலில் நாதஸ்வரத்தின் ஒலி அளவைச் சரிபார்ப்பதே சிரமமாக இருக்கிறது.

கணினி வாங்கிய கடையில் கேட்டபோது, குழாயில் சுற்றும் நீர்மத்தை ஆற்ற 360 மி.மீ. ரேடியேட்டர் (ஃபேன்கள் பூட்டிய தகட்டு அடுக்கு) உள்ள லிக்விட் கூலரை 11,500 ரூபாய்க்குப் போட்டால்தான் இது அடங்கும் என்கிறார்கள். இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றை 4,200 ரூபாய்க்குத் தருவதாகவும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது போதாது என்றும் சொல்கிறார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைக்காதே என்று நண்பர் ஒருவர் எச்சரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று விளங்காமல் இங்கே எழுதுகிறேன்.

வெப்பக்கடத்தி எழுதியது:

முதலில் உங்கள் நண்பரின் அச்சத்தைப் பற்றி ஒரு சொல். இப்போது உங்களிடம் இருக்கும் ஏர் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. ஹீட் பைப் என்பது காற்றை வெளியேற்றிவிட்டு மிகச் சிறிதளவு நீரை உள்ளே வைத்து அடைத்த செம்புக் குழாய். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிறது. ஆவி தகடுகள் இருக்கும் முனைக்குப் போய், இட்லிப் பானையின் மூடியில் படிவதுபோல் அங்கே குளிர்ந்து துளியாகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே மீண்டும் பிராசஸர் பக்கம் திரும்புகிறது. லிக்விட் கூலரில் இதே வேலையை ஒரு பம்ப் செய்கிறது. இரண்டிலும் கடைசியில் வெப்பத்தை வாங்கிக்கொள்வது உங்கள் அறையின் காற்றுதான். ஆகவே இரண்டில் எதுவும் பிராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஊட்டியில் 20 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டும் கூலர், அதே வேலைக்கு உங்கள் 36 டிகிரி அறையில் ஏறத்தாழ 91 டிகிரி காட்டும். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு உங்கள் அறை வெப்பத்தைக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். உங்கள் பிராசஸரின் அடிப்படை மின்னளவு 125 வாட். முழு வேகத்தில் இன்டெல் அனுமதிக்கும் உச்சம் 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் இந்த உச்சத்தையும் மதிப்பதில்லை. சில பயாஸ்கள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) முதல் முறை இயக்கும்போது எந்த வகைக் கூலர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கும். லிக்விட் என்று தேர்ந்தெடுத்தால் மின்வரம்பு 4096 வாட் என்று பதிவாகும். வரம்பே இல்லை என்பதற்கு அது மறுபெயர். பூட்டிய கடையில் யாராவது அந்த விருப்பத்தை அழுத்தியிருந்தால், நீங்கள் எந்தக் கூலரைப் போட்டாலும் பிராசஸர் அதன் எல்லை வரை மின்சாரத்தைக் குடித்து 100 டிகிரியில்தான் போய் நிற்கும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் கவனப்படுத்த வேண்டும். 13, 14 ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில் மிகை மின்னழுத்தத்தால் வந்த நிலையின்மைக் கோளாறுக்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் பயாஸ் வழியாக வெளியானது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையதாக இருந்தால், கூலரைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

பணத்தைச் செலவழிப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து எண்களை இங்கே எழுதுங்கள். ஒன்று, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையின்போது பிராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். மற்றொன்று, கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையை அதே நேரத்தில் மீண்டும் ஓட்டுங்கள். கதவைத் திறந்ததும் வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி மட்டும் குறைந்தால் குறை கூலரிடம் இருக்கிறது. எட்டு, பத்து டிகிரி குறைந்தால் குறை பெட்டியில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

நெல்லைப் படத்தொகுப்பாளர் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. பயாஸைப் புதுப்பித்துவிட்டேன், நீங்கள் சொன்னதுபோலவே மின்வரம்பு 4096 என்றுதான் இருந்தது, அதை 253 ஆக மாற்றினேன். நேற்றும் இன்றும் பிற்பகல் மூன்று மணிக்குச் சோதனை செய்தேன். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற தொகுப்பு மென்பொருளிலிருந்து முடிந்த படத்தைக் கோப்பாக வெளியேற்றும்போது (எக்ஸ்போர்ட்) பிராசஸர் எடுப்பது 110 முதல் 125 வாட் மட்டுமே. அதற்கே 88 டிகிரி காட்டியது. கதவைக் கழற்றியதும் 79 டிகிரிக்கு இறங்கியது. பழைய நிகழ்ச்சிகளைச் சேமித்து வைப்பதற்காக மென்பொருள் வழியாக எச்.265 ஆகச் சுருக்கும் வேலையை மாதம் சில இரவுகள் ஓட்டுவோம். அதில்தான் 253 வாட் எடுக்க முயன்று, 100 டிகிரியில் முட்டி, 180 வாட் அளவுக்குத் தானே இறங்கிக்கொள்கிறது.

வெப்பக்கடத்தி எழுதியது:

ஒன்பது டிகிரி என்பது பெரிய வேறுபாடு. படத்தை வெளியேற்றும்போது கோப்பை விரிப்பது குவிக்சிங்க், நிறத்தைத் திருத்துவது கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸரின் உள்ளகங்களுக்கு (கோர்களுக்கு) அப்போது அரை வேலைதான். 200 வாட் எடுக்கும் அந்தக் கார்டு தன் வெப்பத்தைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. முன்பக்கக் கண்ணாடியால் புதுக்காற்று வர வழியில்லை. உங்கள் கூலர் அந்தச் சூடான காற்றைத்தான் இழுத்துப் பிராசஸர் மேல் ஊதிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெட்டியின் மேற்கூரையில் 360 ரேடியேட்டரைப் பொருத்தினால், அதுவும் கார்டு விட்ட அதே சூட்டு மூச்சைத்தான் வாங்கும்.

எனவே முதல் செலவு, முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டாக இருக்கட்டும். முன்னால் இரண்டு 140 மி.மீ. ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் போதும். பிறகு அந்த இரட்டைக் கோபுர ஏர் கூலரைப் போட்டு, பயாஸில் நீண்டநேர மின்வரம்பையும் குறுகியநேர மின்வரம்பையும் 180 வாட்டில் நிறுத்துங்கள். இரவில் ஓடும் வேலை பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்று விசிறி எழுதியது:

மேலே எழுதியவரின் நோயறிதலை ஏற்கிறேன்; மருந்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கோயம்புத்தூரில் கட்டட வரைபடங்களுக்கு முப்பரிமாணக் காட்சிகள் உருவாக்கித் தரும் வேலை செய்கிறேன். என் கணினியில் பிராசஸரின் எல்லா உள்ளகங்களும் பகல் முழுவதும் 230 வாட்டில் ஓடுகின்றன. மூன்று ஆண்டுகளாக 360 லிக்விட் கூலர்தான் வைத்திருக்கிறேன். 200 வாட்டைத் தாண்டித் தொடர்ந்து மணிக்கணக்கில் ஓட வேண்டிய நிலை வந்தால், ஏர் கூலராலும் சமாளிக்க முடியும் என்றாலும் அது எழுப்பும் சத்தம் பக்கத்தில் உட்கார முடியாதபடி ஆகிவிடுகிறது. மூன்று ஃபேன்கள் மெதுவாகச் சுழன்று செய்யும் வேலையை இரண்டு ஃபேன்கள் அலறிச் செய்ய வேண்டியிருப்பதே காரணம்.

எடையும் கவனிக்கத்தக்கது. நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய ஏர் கூலர் இரண்டு ஃபேன்களுடன் 1.3 கிலோவுக்கு மேல் இருக்கும். நிற்க வைத்த கேபினெட்டில் அவ்வளவும் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. மேசையைவிட்டு நகராத கணினிக்கு இது பொருட்டில்லை. மண்டபத்துக்கே கணினியைக் கொண்டுபோய் அன்றைக்கே முன்னோட்டப் படம் தொகுத்துக் காட்டும் வழக்கம் உங்களுக்கு உண்டா? இருந்தால் வேனில் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை உங்களை உறுத்தும்.

லிக்விட் கூலர் வாங்குவோர் செய்யும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். குழாய்ச் சுற்றில் எப்போதும் சிறிது காற்று இருக்கும். அது மேலே ஏறி நிற்கும் இடம் ரேடியேட்டராக இருக்க வேண்டும், பம்பாக இருக்கக் கூடாது. பம்ப் மேலேயும் ரேடியேட்டர் கேபினெட்டின் அடியிலும் வரும்படி பொருத்தினால் சலசலவென்ற சத்தமும், பிறகு பம்ப் பழுதும் வரும். இன்னொன்று, நீர்மம் மெதுவாகச் சூடாகும் இயல்புடையது என்பதால் முதல் ஐந்து நிமிட எண்ணைப் பார்த்து மகிழக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஐந்து நிமிடச் சோதனையை வைத்து லிக்விடே வெல்லும் என்று தீர்ப்பு எழுதும் காணொலிகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன, நானே லிக்விட் கட்சி என்றாலும்.

தூத்துக்குடி சர்வீஸ் எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். எது குளிராக வைக்கிறது என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கெட்டுப்போகும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஏர் கூலரில் ஃபேன் நின்றால் எந்த ஊர்க் கடையிலும் வேறொரு 120 மி.மீ. ஃபேன் கிடைக்கும், அன்று மாலையே வேலை நடக்கும். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் முழுக் கூலரையும் மாற்ற வேண்டும். வாரண்டி இருந்தாலும் அதை அனுப்பித் திரும்பப் பெறும் வரை, முகூர்த்த நாட்கள் நெருங்கும் காலத்தில், உங்கள் கணினி சும்மா நிற்கும். நீர் கசிந்து மதர்போர்டு போனதை நான் இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஆகவே அந்த அச்சம் மிகைதான். கசிவைவிட அதிகமாக நான் பார்ப்பது, ஐந்தாறு ஆண்டுகளில் நீர்மம் ரப்பர் குழாய் வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக் குறைந்துபோன கூலர்கள். வெளியே ஒரு துளி இருக்காது, உள்ளே பாதிதான் இருக்கும்.

எந்தக் கூலரானாலும் தகடுகளில் சேரும் தூசிதான் பொது எதிரி. எங்கள் ஊர் உப்புக்காற்றோடு, ஸ்டுடியோக்களிலும் கடைகளிலும் வெள்ளிக்கிழமை தோறும் போடும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால், தூசி கம்பளி போல் ஒட்டிக்கொள்ளும். ஊதினாலும் போகாது, தூரிகை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ரேடியேட்டரின் தகடுகள் ஏர் கூலர் தகடுகளைவிட நெருக்கமானவை. அவற்றில் தூரிகை நுழையாது. வலைமுகக் கேபினெட் வாங்கும்போது கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

நெல்லைப் படத்தொகுப்பாளர் எழுதியது:

மண்டபத்துக்கு மடிக்கணினியைத்தான் கொண்டுபோகிறோம். இந்தக் கணினி மேசையைவிட்டு நகர்ந்ததில்லை. எனவே வலைமுகக் கேபினெட்டும் இரட்டைக் கோபுர ஏர் கூலரும் வாங்க முடிவு செய்திருக்கிறேன். கடையில் காட்டியது ஏழு ஹீட் பைப் உள்ள தெர்மல்ரைட் ஃபான்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ. ஞாயிற்றுக்கிழமை நானே பூட்டப் போகிறேன். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

வெப்பக்கடத்தி எழுதியது:

அந்தக் கூலரின் உயரம் 154 மி.மீ.; கேபினெட்டின் விவரத்தாளில் கூலருக்கு அனுமதித்த உயரம் 160 மி.மீ. ஆவது இருக்கட்டும். உங்கள் ரேம் பட்டைகளில் உயரமான அலங்கார விளிம்பு இருந்தால், முன்பக்க ஃபேனைச் சற்று மேலே ஏற்றிப் பொருத்த வேண்டிவரும். அப்போது அந்த ஃபேன் தலை நீட்டும் அளவையும் 154 உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டி, பிறகு அணைத்துவிட்டுத் திருகிக் கழற்றினால், பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் இளகிச் சுலபமாக விடும். புதியதைப் பூட்டும்போது ஒரு பக்கத் திருகை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், இரண்டையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று பூட்டும் முன் ஒரு முறை பாருங்கள். அனுபவமுள்ளவர்களும் அதை மறந்துவிட்டு, கூலர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனது உண்டு. நானும் ஒரு முறை போயிருக்கிறேன்.